ஒத்த ரீலுக்குள்ள ஒம்பது கொலையா?

வாடா அப்பு, உக்காரு. விஸ்காம் படிக்கிற, கடைசி வருசப் ப்ராஜெக்டுக்கு ஒரு திரில்லர் குறும்படம் எடுக்கப் போற. அம்புட்டுத்தானே? அதுக்கு எதுக்கு மொகத்த இப்பிடி உர்ருன்னு வச்சிருக்க? திரில்லர் எடுக்குறவன் சிரிக்கக் கூடாதுன்னு பாடத்துல போட்டிருக்காய்ங்களா?

போஸ்டரைக் காட்டுன, பாத்தேன். கன்னங்கரேல்னு இருட்டு. நடுவுல ஒத்தக் கண்ணு. கண்ணுக்குள்ள கத்தி. கீழ இங்கிலீசுல தலைப்பு, அதுக்கும் கீழ பொடி எழுத்துல இருபது பேரு. சரி, கதை என்னடான்னு கேட்டா "இன்னும் லாக் ஆகல தாத்தா"ங்குற. டீசர் வெள்ளிக்கிழமை வருதாம். கதை எந்தக் கிழமை வரும்?

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. நான் டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவன். சனம் படத்தப் பாத்துச்சு. நான் மெசின் ரூம்பு ஓட்டை வழியா சனத்தப் பாத்தேன். மணல்ல உக்காந்திருக்கவன் எந்தச் சீனுல பீடிய மறந்து விரலச் சுட்டுக்கிட்டான், எந்தச் சீனுல பொம்பளையாளு பிள்ளைய இறுக்கிப் பிடிச்சா, எந்தச் சீனுல கூட்டமா எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போனாய்ங்க, அம்புட்டும் எனக்கு அத்துப்படி. கேமரா வாடகைக்கு விடுறவன் இதச் சொல்லுவானா? அவனுக்கு வாடகை வந்தாப் போதும்.

மொதக் கணக்கக் கேளு. 35 எம்.எம். பிலிம் செகண்டுக்கு 24 படம் ஓடும். 1000 அடிச் சுருளு 11 நிமிசம் தாங்கும். உன் படம் 10 நிமிசம்ங்குற. அப்ப எனக்கு அது ஒத்த ரீல். அந்த ஒத்த ரீலுக்குள்ள ஒரு சைக்கோ, சைக்கோவுக்குச் சின்ன வயசுல நடந்த கொடுமை, அவனத் தேடுற போலீசு, போலீசுக்கு ஒரு காதலு, கடைசியில போலீசுதேன் சைக்கோங்கிற ட்விஸ்ட்டு. ஒம்பது கொலை வேற. நிமிசத்துக்கு ஒண்ணு விழுதேடா, பொணத்தத் தூக்கிப் போட நேரம் வேணாமா?

நீயும் உன் கூட்டாளிகளும் எடுத்த படம் எல்லாத்தையும் போன்ல போட்டுக் காட்டுன. எல்லாம் ஒண்ணுபோலத்தேன் ஆரம்பிக்குது. அலாரம் அடிக்குது. பய எந்திரிக்கிறான். பல்லு வெளக்குறான். கண்ணாடிய மொறைக்கிறான். திரில்லர் படத்துல பல்லு வெளக்குறத எதுக்குடா நான் பாக்கணும்? அப்புறம் கொலகாரன் வாரான். சித்திர மாச வெயில்ல தலையோட மூடுற கறுப்புச் சட்ட, கையில உறை. அவன் குத்த வேணாம், வேர்த்தே செத்துருவான். துப்பறியிறவன் வீட்டுச் செவுத்துல போட்டோவா ஒட்டி, செவப்பு நூலக் கட்டி, சிகரெட்டப் புடிச்சுக்கிட்டு மொறைக்கிறான். உசிலம்பட்டிப் பக்கம் எந்த ஏட்டய்யாடா நூலு கட்டித் துப்பறியிறாரு? டீக்கடையில ஒரு டீயச் சொல்லிட்டு உக்காந்தா மூணு தெருக் கதையும் தன்னால வந்து விழும். கடைசியில பாத்தா எல்லாம் கனவாம். பத்து நிமிசம் என்னய ஏச்சுப்புட்டு, கனவுன்னா விட்டுருவனா?

பயமுறுத்துறது வேற, திடுக்குன்னு தூக்கிப் போட வைக்கிறது வேற. இதப் பிரிச்சுச் சொன்ன மகராசன் திரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக். 1962-ல த்ரூஃபோங்கிற பிரெஞ்சுக்கார டைரக்டர் ஒருத்தரு அவருகிட்ட நாள் கணக்கா ஒக்காந்து கேள்வி கேட்டு அதப் புத்தகமாவும் போட்டாரு. அதுல ஹிட்ச்காக் சொல்றாரு: ரெண்டு பேரு மேசையில ஒக்காந்து சும்மா பேசிக்கிட்டிருக்காக. மேசைக்கு அடியில வெடிகுண்டு. திடீர்னு வெடிச்சா, சனத்துக்கு 15 செகண்டு அதிர்ச்சி. அதே குண்ட வச்சத சனத்துக்கு முன்னாடியே காட்டிப்புட்டா? அந்த ரெண்டு பேரும் பேசுற உப்புச்சப்பில்லாத பேச்சு 15 நிமிசமும் நமக்கு அடிவயித்தக் கலக்கும். "யோவ், பேச்ச நிறுத்திட்டு எந்திரிங்கய்யா"ன்னு கத்தத் தோணும்.

பாத்தியா சூச்சுமத்த? குண்டு ஒண்ணுதேன். செலவும் ஒண்ணுதேன். யாருக்கு எப்பத் தெரியுதுங்கிற கணக்குதேன் வேற.

இத நம்ம வீட்டுக்குள்ள கொண்டாந்து பாரு. அடுப்படி. அரிசிப் பானை. மூடி லேசா வெலகியிருக்கு. வெளிய தெருவுல பாம்பு புடிக்கிறவன் "இங்கிட்டுத்தேன் வந்துச்சு, வீட்டுக்குள்ள பூந்துருச்சு"ன்னு தேடுறது கேக்குது. உன் அப்பத்தாவுக்குக் காது மந்தம். உலை கொதிக்குது. அவ ஒழக்க எடுத்துக்கிட்டு பானைகிட்ட வாரா. கைய விடப் போறா. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து உப்புக் கேக்குறா. ரெண்டு கெழவிகளும் மருமகளப் பத்திப் பேசுறாளுக. பேசுறாளுக. பேசிக்கிட்டே இருக்காளுக. கை பானை வெளிம்புல இருக்கு. இதுக்கு எம்புட்டு ஆகும் பட்ஜெட்டு? பாம்பு கூட வேணாம்டா. மூடி வெலகியிருந்தாப் போதும்.

பாம்பு இல்லாமப் பாம்புப் படமான்னு இழுக்காத. 1975-ல ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்'னு ஒரு சுறாப் படம் எடுத்தாரு. மெசினு வச்ச பொம்மைச் சுறா செஞ்சாக. உப்புத் தண்ணிக்குள்ள எறக்குனா அது சும்மா சும்மா மக்கர் பண்ணிருச்சு. மனுசன் என்ன செஞ்சாரு? சுறாவக் காட்டுறதக் கொறச்சுட்டு, தண்ணியில மெதக்குற மஞ்சப் பீப்பாயவும், ரெண்டே சுரத்துல ஜான் வில்லியம்ஸ் போட்ட மெட்டையும் வச்சு ஒப்பேத்துனாரு. ஊரே கடல்ல கால் வைக்கப் பயந்துச்சு. பொம்மை ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இம்புட்டுப் பயந்திருப்பாய்ங்களான்னு எனக்குச் சந்தேகம்தேன்.

வெள்ளக்காரனையே சொல்றேன்னு பாக்காத. நம்ம வீணை எஸ். பாலச்சந்தர் 1954-லயே ஏவி.எம்முக்கு 'அந்த நாள்' எடுத்துக் குடுத்துட்டாரு. பாட்டு கெடையாது, ஆட்டம் கெடையாது. படம் தொடங்குன உடனே சிவாஜி குண்டடி பட்டுக் கெடக்குறாரு. அப்புறம் ஆளாளுக்கு வந்து, இன்னாருதேன் சுட்டிருக்கணும்னு அவுக அவுக கதையச் சொல்றாக. சிவாஜியவே மொதச் சீனுல சாகடிக்க ஒரு நெஞ்சு வேணும்ல? உனக்குப் படத்துல உன் ரூம்மேட்டச் சாகடிக்கவே மனசு வரல. "அவன் வண்டி குடுத்திருக்கான் தாத்தா, கடைசி வரைக்கும் வரணும்"ங்குற.

கருவிப் பேச்சுக்கு வருவமா? ட்ரோன் வேணும்னு சொன்ன. எதுக்கு? கொல நடக்குறது பூட்டுன ரூம்புக்குள்ள. மேல பறந்து ஓட்டக் கூரையவா எடுக்கப் போற? ராபர்ட் ரோட்ரிகஸ்னு ஒரு பய, 'எல் மரியாச்சி'ங்கிற படத்த 7000 டாலருக்கு முடிச்சான். 1992-ல வந்துச்சு. கேமராவ நகத்துறதுக்கு வண்டி இல்ல. சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒருத்தரத் தள்ள விட்டு எடுத்தான். காசுக்கு மருந்துச் சோதனைக்கு ஒடம்பயே குடுத்தான். அத நீ பண்ணாத, உங்க ஆத்தா என்னயத்தேன் வையும். நோலன் இருக்காருல்ல, இப்பக் கோடி கோடியாக் கொட்டி எடுக்குறவரு? அவரு மொதப் படம் 'ஃபாலோயிங்', 1998. கூட்டாளிக எல்லாம் வேலைக்குப் போறவக. அதுனால வாரக் கடைசியில மட்டும் எடுத்து, ஒரு வருசம் இழுத்துச்சு. பிலிம் காசு போயிருமேன்னு முன்னாடியே நாடகம் கெணக்காத் திரும்பத் திரும்ப ஒத்திகை பாத்துட்டு, ஒண்ணு ரெண்டு டேக்குல முடிச்சாக. நீ என்ன செய்யுற? மெமரி கார்டுதேன் இருக்கேன்னு ஒத்த வசனத்த முப்பது தடவ எடுக்குற. ஒத்திகைன்னா கேவலமா இருக்கு.

நடிக்கிறவன் ஆருன்னு கேட்டா, கேமரா வச்சிருக்கவன்தேன் கதாநாயகன்ங்குற. நியாயம்தேன், ஊரு ஒலகத்து நடப்பு. ஆனா அவனுக்கு நடிப்பு வரல. வராட்டிப் போகுது. ருசியாவுல குலெஷவ்னு ஒருத்தரு நூறு வருசத்துக்கு முந்தியே வழி கண்டுபிடிச்சு வச்சிட்டாரு. ஒருத்தன் மொகத்தச் சும்மா வச்சிருக்கத எடுத்து, அடுத்து சூப்புக் கிண்ணத்தக் காட்டுனா, பசியா இருக்கான்னு சனம் சொல்லுச்சாம். அதே மொகத்துக்கு அடுத்துப் பொணப்பெட்டியக் காட்டுனா, சோகமா இருக்கான்னு சொல்லுச்சாம். அதுனால உன் கதாநாயகன்கிட்ட "ஒண்ணும் பண்ணாத, அங்கிட்டுப் பாரு"ன்னு சொல்லு. மிச்சத்த அடுத்த ஷாட்டு பாத்துக்கும். கண்ண உருட்டச் சொன்னேன்னு வையி, வாத்தியாரு சிரிச்சுப்புடுவாரு.

ரத்தம்? 'சைக்கோ' படத்துல ஹிட்ச்காக் சாக்லேட் பாகத்தேன் ஊத்துனாரு. கறுப்பு வெள்ள, யாருக்குத் தெரியும்? கத்திச் சத்தத்துக்கு ஒரு வக முலாம்பழத்தக் குத்திப் பதிவு பண்ணாக. நீ கலருல எடுக்குற, சீனிப் பாகுல செவப்புக் கலரப் போட்டு, கூடக் கொஞ்சம் காப்பித் தூளப் போட்டாப் போதும். கம்மியா ஊத்து. எறும்பு வந்துரும். போன தடவ உங்க சீனியர் படத்துல பொணம் தொடையச் சொறிஞ்சதப் பாத்தேனே.

சத்தத்த மட்டும் மறந்துராத, அப்பு. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாச் சனம் பொறுத்துக்கும். வசனம் கேக்கலைன்னா விசிலுதேன். டாக்கீஸ்ல ஸ்பீக்கர் கர்ருன்னு இழுத்தா மொதக் கல்லு என் ரூம்பு மேலதேன் விழும். கேமராவுல இருக்குற மைக்க நம்பாத. நடிக்கிறவன் சட்டைக்குள்ள ஒரு செல்போனப் பதிவு போட்டு வையி. காத்தாடிய அமத்து. எடுத்து முடிச்சதும் எல்லாரையும் வாய மூடச் சொல்லிட்டு, அந்த ரூம்போட சும்மா இருக்குற சத்தத்த அரை நிமிசம் புடிச்சு வச்சுக்க. வெட்டி ஒட்டும்போது வேணும். ஆடி மாசம் எடுக்காத. அம்மன் கோயில் கொழாய் ரேடியோவுல உன் கொலகாரன் பேசுறது எங்க கேக்கும்?

ராத்திரிச் சீன ராத்திரியிலதேன் எடுக்கணும்னும் இல்ல. அந்தக் காலத்துல பட்டப் பகல்ல எடுத்து, இருட்டடிச்சு ராத்திரின்னு விடுவாக. நடுச்சாமத்துல கதாநாயகிக்கு நெழலு நீட்டமா விழும். நாங்களும் நெலா வெளிச்சம்னு நம்புனோம். நீ பொழுது சாஞ்ச அப்புறம், வானத்துல கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்குற அரை மணி நேரத்தப் புடி. வாசல்ல ஒரே ஒரு பல்பு. அதுக்கு மேல வெளக்கு வேணாம்.

பொம்மத் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு, மொகமூடியப் போட்டுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தெருவுல ஓடப் போறியா? முன்னாடியே ஸ்டேசன்ல சொல்லிரு. காலேசு லெட்டரக் கையில வச்சுக்க. தெருவுல வீடு வீடாவும் சொல்லிரு. இல்லாட்டி உன் படத்துல நடிக்காத போலீசு வரும். அதுக்கு முன்னாடி நம்ம சனம் வெளக்கமாத்தோட வரும். அடி வாங்குறது உன் கொலகாரனா, கதாநாயகனான்னு அதுகளுக்கு என்ன தெரியும்?

உன் வயசுக்காரப் பயலுக இதுல செயிக்கலன்னு நான் சொல்லல. 1986-ல வந்துச்சே 'ஊமை விழிகள்'. திரைப்படக் கல்லூரியில படிச்சு வந்த பயலுகதேன் எடுத்தாய்ங்க. கதையும் தயாரிப்பும் ஆபாவாணன், டைரக்சன் ஆர். அரவிந்த்ராஜ். விஜயகாந்துக்கும் அது பெரிய படம். அத ஒக்காந்து பாரு. பயம் காட்டுற எடத்துல எம்புட்டு பொறுமையா நிக்கிறாய்ங்கன்னு எண்ணு. 2016-ல 'துருவங்கள் பதினாறு' எடுத்த கார்த்திக் நரேனுக்கும் அப்ப மீசையே அரும்பாத வயசு. ஆனா அவுக யாரும் போஸ்டர மொதல்ல அடிச்சிருப்பாய்ங்கன்னு எனக்குத் தோணல.

சரி, பொணத்துக்கு ஆள் கெடைக்கலன்னு சொன்னீல்ல? நான் வாரேன். மூச்ச ரொம்ப நேரம் அடக்க முடியாது, போர்வையப் போத்தி விட்டுரு. பாகு வேணாம், எனக்குச் சுகர் இருக்கு, உங்க அப்பத்தா நக்கிப் பாத்தேன்னு சந்தேகப்படுவா. நாலு மணிக்குள்ள முடிச்சிரணும், பஜ்ஜி போடுற நேரம். எடையில பொணத்துக்கு வசனம் கிசனம்னு எதையாச்சும் சேத்தியோ, பேட்டா தனி.