ஒரு சாண் ரயிலும் ஒன்றுவிட்ட வெளிச்சமும்

முப்பத்து மூன்று வருஷம் ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். நடுராத்திரி மழையில் 11 கே.வி. லைனை நிறுத்தி, விழுந்த மரத்தை அகற்றி, திரும்பச் சார்ஜ் செய்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனைக் கடுகளவு விளக்கு ஒன்று பத்து நாள் தலைகுனிய வைத்தது.

ஜெர்மனியில் இருக்கும் மகன் அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த பொம்மை எஞ்சின் அது. அந்நாட்டு ரயில்வேயின் 103 ரகம். அசல் எஞ்சின் 200 கி.மீ. வேகத்தில் ஓடியது, இது அதில் 87-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு சாண். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான் என்றாலும், வட்டமாகப் பூட்டினால் சாப்பாட்டு மேஜை முழுக்க ரயில்வேக்குப் போய்விடுகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தரையில்தான் சாப்பாடு.

மகன் ஜெர்மனிக்குத் திரும்பியதும் கன்னி ஓட்டத்துக்கு நாள் பார்த்தேன். முன்னோக்கிப் பொத்தானை அழுத்தினால் வண்டி மேற்கே போயிற்று. முதல் ஓட்டம் மேற்கேயா? மனசு ஒப்பவில்லை.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "தூக்கித் திருப்பி வெச்சாப் போச்சு" என்றாள்.

சிரித்தேன். காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். எந்தத் தண்டவாளம் பாசிட்டிவ் என்பதை வைத்துத்தான் வண்டி எந்தப் பக்கம் ஓடும் என்பது. தூக்கி, திருப்பி, தலைகீழாக்கினாலும் அது அதே பக்கம்தான் ஓடும். இருபது நிமிஷம் பேசினேன். வெண்டைக்காய் தீர்ந்துபோய் அவள் எழுந்துவிட்டாள்.

இது டிஜிட்டல் வண்டி. அதன் வயிற்றில் டீகோடர் என்றொரு சில்லு இருக்கிறது. நமக்கு வேண்டியதை அதில், சி.வி. என்ற வரிசை எண் போட்ட அறைகளில், எண்ணாக எழுதிவைக்க வேண்டும். கையேட்டைப் புரட்டினேன். சி.வி. 29: திசை மாற்ற, 1. எழுதினேன். வண்டி கிழக்கே புறப்பட்டது. எனக்குப் புல்லரித்தது.

ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட முன் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி.

லூஸ் கான்டாக்ட்! என் வாழ்நாள் அனுபவம் அப்படித்தான் சொன்னது. தண்டவாளத்தை அழிரப்பரால் தேய்த்தேன். சக்கரங்களை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஒரு டப்பா காலி. கான்டாக்ட் விட்டால் மோட்டாரும் திக்கியிருக்க வேண்டும். அதுவோ வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்தச் சாட்சியை நான் விசாரிக்கவே இல்லை.

மீட்டரை எடுத்தேன். அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொன்னது. அதன் மேல் தப்பில்லை. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வளர்ந்த பிள்ளை. இந்தத் தண்டவாளத்திலோ மின்சாரமும் கட்டளையும் ஒன்றாகவே ஓடுகின்றன: பாதித் துடிப்பு 58 மைக்ரோ செகண்டு நீண்டால் 1, சுமார் 100 நீண்டால் 0. தினமும் சோறு போட்டுக்கொண்டே திட்டவும் செய்கிற வீடு மாதிரி.

பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். மேல் கூட்டைக் கழற்றினேன். ஏணிப்படி போன்ற ஏதோ ஒன்று தெறித்துப் பறந்தது, இன்னும் கிடைக்கவில்லை. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஒயர்கள். என் கண்ணுக்கு அது மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். இங்கே சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் இரண்டு விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். நல்லவேளை, சால்டரிங் அயர்ன் சூடாகுமுன் கையேட்டில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இரங்கல் செய்தியாகியிருக்கும்.

பத்தாம் நாள், தட்டு எடுக்க வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கோலத்துக்குப் புள்ளி எண்ணும் கண் அது. "இது மினுக்கல. நீங்க ஒரு தடவை திருகினா எரியுது, அடுத்த தடவை அணையுது. ஒண்ணு விட்டு ஒண்ணு."

இதை அப்படியே மகனிடம் போனில் சொன்னேன், கண்டுபிடித்தவர் பெயரை விட்டுவிட்டு.

"சி.வி. 29-ல என்னப்பா போட்டீங்க?"

"1."

மறுமுனையில் அமைதி. பிறகு விளக்கினான். அந்த எண் ஒரு கூட்டுத்தொகை. திசைக்கு 1, 28 படி வேகத்துக்கு 2, பழைய முறை மின்சாரத்துக்கு 4. ஏற்கெனவே அதில் 6 இருந்தது. நான் 1-ஐக் கூட்டி 7 ஆக்காமல், 6-ஐத் தூக்கிக் கடாசிவிட்டேன். டீகோடர் 14 படி முறைக்குப் போய்விட்டது. என் கையிலிருந்த கன்ட்ரோலர் 28 படியிலேயே பேசிக்கொண்டிருந்தது. 28 படியில் வேகத்தின் அரைப்படியைச் சொல்கிற அதே பிட், 14 படியில் விளக்குக்கான உத்தரவு. நான் வேகம் கேட்ட ஒவ்வொரு முறையும் அது விளக்கைப் போட்டு அணைத்திருக்கிறது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பாவம்.

7 எழுதினேன். விளக்கு நின்று எரிந்தது.

போனை வைக்குமுன் மகன் சொன்னான்: "ஆமா, இதுக்கு எதுக்குப்பா சி.வி.யை நோண்டினீங்க? டிஜிட்டல்ல முன்னாடின்னா வண்டியோட முன்னாடி. தண்டவாளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சும்மா தூக்கித் திருப்பி வெச்சிருந்தாலே போதுமே."

அன்றிரவு மனைவி தூங்கியதும் விளக்கைப் போடாமல் எழுந்து வந்தேன். வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மேற்கே போயிற்று.

மறுபடி திருப்பி, பழையபடியே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.