கண்டிப்பா வர்றேன் மச்சி: ஓப்பன் மைக் விளம்பரம் குறித்து ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடு எட்டையும் அடுக்கும்போது தொல்காப்பியர் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்தார். அடுத்தது அழுகை, அதற்கடுத்தது இளிவரல், அதாவது இழிவுணர்வு. இளம்பூரணரும் பேராசிரியரும் இப்பகுதிக்கு உரை கண்டிருக்கிறார்கள். ஆனால் இருவரும் சென்னையில் காமெடி ஷோ நடத்தியவர்கள் அல்லர். அதனால் இந்த வரிசையின் நடைமுறைப் பொருத்தம் இன்னும் ஆராயப்படாமலே கிடக்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரியவர் பகலில் ஐ.டி. கம்பெனியிலும் இரவில் மைக் முன்னாலும் நிற்கும் இளைஞர். சொந்தமாக ஒரு மணி நேரத் தனி ஷோ தயாரிக்கிறார். சாஃப்ட்வேர் வேலையை விட்டுக் காமெடிக்கு வந்த அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ ஷோ 2019-இல் அமேசான் பிரைமில் வந்ததிலிருந்து இவ்வகை இளைஞரைக் குணப்படுத்துவது கடினமாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஜோக் வேண்டுமானால் மேடையில் சொல்லிப் பார்க்க வேண்டும். மேடை கிடைக்கவில்லை. ஆகவே ஒரு காபி ஷாப் மாடியைப் பிடித்துத் தானே வாராவாரம் ஓப்பன் மைக் நடத்துகிறார். பெயர் கொடுத்தவர் எவரும் நாலைந்து நிமிடம் பேசலாம். நேரம் முடிந்தால் பின்வரிசையிலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார்கள். சிலர் அதை ஸ்பாட்லைட் என்று எண்ணி உற்சாகமாகத் தொடர்வதும் உண்டு.

மேடை கிடைத்தாயிற்று; இனிக் கூட்டம் சேர்க்க வேண்டும். பழங்காலத்தில் இந்தச் சிக்கல் இருந்ததா? பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் பெருகிய சபாக்களில் உறுப்பினர்கள் சந்தா கட்டிவிட்டு நாடகத்துக்கு வந்தார்கள். காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைவிட உறுதியான கூட்டம் உலகில் இல்லை. நடிகர் வசனத்தை மனப்பாடம் செய்தால் போதும். கடல் கடந்து பார்த்தால், எடின்பரோவில் 1947-இல் நடந்த கலை விழாவுக்கு அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் போய் இறங்கின. அதிலிருந்து வளர்ந்த ஃப்ரிஞ்ச் விழாவில் நடிப்பவரே தெருவில் நின்று தம் ஷோவுக்கு நோட்டீஸ் கொடுப்பதை இன்றும் காணலாம். நம் ஆய்வுக்குரியவர் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவர். தெருவுக்குப் பதில் வாட்ஸ்அப்.

இளிவரல் தோன்றும் களம் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு. ஐந்தாவதாக ப்ராட்காஸ்ட் லிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. “மச்சி, சனிக்கிழமை ஷோ, வந்துடுடா” என்ற செய்திக்கு வரும் பதில்களில் “செம டா, கண்டிப்பா வர்றேன்” என்பதற்கு வரமாட்டேன் என்று பொருள். “ட்ரை பண்றேன்” என்பதற்கும் அதே பொருள்தான். சொல்பவர் கொஞ்சம் நேர்மையானவர். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புபவர் செய்தியைப் படிக்கவில்லை. “பைக் நிறுத்த இடம் இருக்கா?” என்று கேட்பவர் ஒருவர்தான் உண்மையிலேயே வருவார். ஷோவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பார்க்கிங்கைப் பற்றிக் கேட்பவரே உத்தம ரசிகர். அம்மா மட்டும் குடும்ப குரூப்பில் “சாப்பிட்டு போ” என்று எழுதுவார். இதை எந்த மெய்ப்பாட்டில் அடக்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இன்னொரு மெய்ப்பாடான அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பவற்றைக் காரணமாகச் சொல்வர். கள்வர் என்பது இன்ஸ்டாகிராமைக் குறிக்கும். கூட்டம் சேர வேண்டுமானால் நல்ல ஜோக் ஒன்றை ரீலாகப் போட வேண்டும். போட்டால் அது ஊர்ச்சொத்து. தனி ஷோவில் சொல்லும்போது முன்வரிசைக்காரர் முந்திக்கொண்டு முடித்துவைப்பார். ஆகவே நல்லதைப் பதுக்கிவிட்டுச் சுமாரானதைப் போடுகிறார். அதைப் பார்த்து, ஆள் சுமார்தான் என்று ஊர் முடிவுகட்டுகிறது. தம் இறை என்பவர் காபி ஷாப் முதலாளி: “ஆளுக்கு ஒரு காபியாவது சொல்லச் சொல்லுங்க தம்பி.” விலங்குக்கு மாடிப்படிப் பூனை தவிர வேறு சான்று கிட்டவில்லை. அது எல்லா வாரமும் தவறாமல் வருகிறது.

கூட்டம் எப்படித்தான் சேருகிறது என்றால், மொய்யினால். மற்ற காமெடியன்கள் இவர் ஷோவுக்கு வந்து சிரிப்பார்கள். இவர் அவர்கள் ஷோவுக்குப் போய்ச் சிரிக்க வேண்டும். யார் எவ்வளவு சிரித்தார் என்பதற்கு நோட்டு இல்லை என்றாலும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சிரிக்காமல் போனில் மூழ்கியிருந்தவனுக்கு, அவன் முறை வரும்போது சரியாக மிக்சி ஓடும் நேரத்தில் மேடை கிடைக்கும்.

ஆய்வின் முக்கிய முடிவு இனிமேல்தான். புது ஜோக்கைச் சோதிக்கத்தான் இந்த இரவையே தொடங்கினார். ஆனால் நடத்துபவரே தொகுப்பாளர். தொகுப்பாளரின் வேலை கூட்டத்தைச் சூடாக்குவது. முதல் ஜோக் படுத்துவிட்டால் அடுத்து வரும் பத்துப் பேருக்கும் கேடு. எனவே தோற்காத பழைய ஜோக்கைத்தான் சொல்லியாக வேண்டும். ஆக, ஊரில் யார் வேண்டுமானாலும் புதியதைச் சொல்லிப் பார்க்கக்கூடிய அந்த மேடையில், அதை உருவாக்கியவர் ஒருவருக்கு மட்டும் அனுமதி இல்லை. தப்பித்தவறிப் புதிதாக ஒன்றைச் சொல்லி நண்பர்கள் சிரித்தாலும் அது செல்லாது. நண்பன் சிரிப்பது ஜோக்குக்கா, நட்புக்கா என்று பிரித்தறியும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தேவை, முன்பின் தெரியாத ஒருவரின் சிரிப்பு. இவர் அழைக்க முடிந்ததோ தெரிந்தவர்களை மட்டுமே. அவர்களையும் வாராவாரம் அழைத்துத் தீர்த்துவிட்டால், தனி ஷோ வரும் நாளில் கூப்பிட ஆள் மிஞ்சாது.

கள ஆய்வின்போது அத்தகைய அந்நியர் ஒருவர் அகப்பட்டார். காபி குடிக்க வந்து, கீழே இடமில்லாமல் மாடிக்கு ஏறிவிட்ட பெரியவர். இரண்டாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். இரவு முழுக்க உதடு அசையவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே இரண்டு புதுமுகங்கள் தங்கள் முடிவுவரியை மறந்தார்கள். எல்லாம் முடிந்ததும் நேரே ஆய்வுக்குரியவரிடம் வந்து, “ரொம்ப சிரிச்சேன் தம்பி. வயிறு வலிக்குது. நீங்க தனியா பண்றதுண்டா? அது எப்போ?” என்றார்.

இத்தனை மாதம் காத்திருந்த கேள்வி. தேதி குறித்தாயிற்று, ஹால் பேசியாயிற்று. ஆய்வுக்குரியவர் வாயைத் திறந்தார்.

“அடுத்த சனிக்கிழமையும் இதே இடத்துல ஓப்பன் மைக் இருக்கு அங்கிள், கண்டிப்பா வந்துடுங்க.”

“பார்க்கிங் இருக்கா?” என்றார் பெரியவர்.