வால்யூம் கூட்டாத மாப்பிள்ளை

சத்தம் போதாவிட்டால் நாமெல்லாம் கூட்டி வைப்போம். இவர் கூட்ட மாட்டார். "ஏன் போதலைன்னு முதல்ல பாக்கணும் சார்" என்பார். அந்த 'முதல்ல' முடிவதற்குள் விருந்தாளிகள் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

ஆபீசுக்கு ஒருவர், அடுக்குமாடிக்கு ஒருவர் என்று லினக்ஸ்காரர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பரம சாது. வீட்டில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் இருந்துவிட்டால்தான் வம்பு. நம் மாப்பிள்ளையும் அந்த ரகம். கல்யாணம் எப்போது ஆயிற்று என்று கேட்டால் "உபுண்டு 8.04 வந்தப்போ" என்பார்; 2008 என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த லினக்ஸ் பதிப்பில்தான் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி மென்பொருள் வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகுதான் தன் தலைமுடி நரைத்தது என்பது அவர் கட்சி. எழுதியவர் லெனார்ட் பொட்டரிங். இவர் அந்தப் பெயரைச் சொல்லும் விதத்தைக் கேட்டால், பாகப்பிரிவினையில் ஏமாற்றிய பங்காளியைச் சொல்கிறாரோ என்று தோன்றும். 2021-இல் ஃபெடோரா 34 என்ற இன்னொரு லினக்ஸ் அதை விட்டு பைப்வயருக்கு மாறியபோது வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னாராம். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. பாயசம் மட்டும் நன்றாக இருந்ததாகத் தகவல்.

யாராவது சத்தம் வரவில்லை என்று சொன்னால் அவர் முதலில் போவது கறுப்புத் திரைக்கு. அல்சாமிக்சர் என்று தட்டினால் வரிசையாக உயரக் கம்பங்கள் எழும். கம்பத்தின் அடியில் பூஜ்யம் பூஜ்யம் என்றிருந்தால் வழி திறந்திருக்கிறது. எம் எம் என்றிருந்தால் வாயை அடைத்திருக்கிறது. அப்படி ஒரு எம் எம் கண்ணில் பட்டுவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விசைப்பலகையில் எம்மை ஒரு தட்டு, திறந்துவிடும். "மேல்தொட்டி, மாடிக்குழாய், சமையலறைக் குழாய்னு மூணு இருக்கு. எது மூடியிருக்குன்னு பாக்காம மோட்டாரைப் போட்டா எப்படி?" என்பார். உலாவியில் ஒரு அளவு, செயலிக்கு ஒரு அளவு, மொத்தத்துக்கு ஒரு அளவு. கேட்பவர் பாதியிலேயே தலையாட்டத் தொடங்கிவிடுவார். புரிந்துவிட்டதாக இவர் நினைத்துக்கொண்டு, ஐம்பது சதவீதம் என்பது பாதிச் சத்தமே இல்லை, கணக்குப்படி கழித்தல் 18 டெசிபல் என்று அடுத்த பாடத்தை ஆரம்பிப்பார்.

மென்பொருளிலேயே 153 சதவீதம் வரை இழுத்துக் கூட்ட ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொடுபவர்களை இவர் மதிப்பதில்லை. "டிஜிட்டல்ல சைபர் டெசிபல்தான் கூரை. அதுக்கு மேல போனா அலையோட தலை வெட்டுப்படும், கரகரன்னு கேக்கும்." அது உண்மைதான். இந்த ஆசாமியிடம் உள்ள பெரிய தொந்தரவே, சொல்வதெல்லாம் சரியாக இருப்பது.

போன தீபாவளிக்கு வந்த மாமியார், டிவியில் ஒரு போலீஸ் படம் பார்த்துக்கொண்டிருந்தார். படம் மாப்பிள்ளையின் கணினியிலிருந்து டிவிக்கு வருகிறது.

"மாப்பிள்ளை, என்ன பேசிக்கிறாங்கன்னே தெரியல. குண்டு வெடிச்சா மட்டும் குலை நடுங்குது. கொஞ்சம் சரியா வைங்களேன்."

"ரிமோட்ல கூட்டுங்களேன்" என்றார் மனைவி.

"அது டிவியோட வால்யூம். சோர்ஸ்ல இருக்கற தப்ப டிவில மறைக்கக் கூடாது."

தியேட்டருக்காக ஆறு தடத்தில் கலந்த ஒலியில் வசனத்துக்கு நடு ஸ்பீக்கர் தனியாக உண்டு. வீட்டு டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் எல்லாவற்றையும் திணிக்கும்போது முதலில் அமுங்குவது வசனம். நோய் அவருக்குத் தெரியும். மருந்து, ஈஸி எஃபெக்ட்ஸ் என்ற ஒலி மென்பொருள். கம்ப்ரசரைச் சேர்த்தார்: குறித்த அளவைத் தாண்டி நான்கு டெசிபல் எகிறினால் ஒன்றுதான் வெளியே விட வேண்டும். அமுக்கியதை ஈடுகட்ட மொத்தத்தையும் சற்று உயர்த்தினார். கடைசியில், உச்சம் கூரையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர். அதை ஏன் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்று மாமியாருக்கு விளக்கவும் செய்தார். பிறகு கம்ப்ரசரின் பிடி எவ்வளவு மில்லிசெகண்டில் தளர வேண்டும் என்று சோதிக்க, அதே குண்டு திரும்பத் திரும்ப வெடித்தது. குண்டு வைத்தவன் யார் என்று கதாநாயகனுக்கும் தெரியவில்லை, மாமியாருக்கும் தெரியவில்லை.

முத்தாய்ப்பாக, சராசரிச் சத்தத்தைத் தானாகவே ஓர் அளவில் நிறுத்தும் ஆட்டோகெயின். அவர் வைத்த அளவு கழித்தல் 23 லஃப்ஸ். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் வகுத்த அளவு அது. கம்ப்ரசர் ஏற்றிவிட்டதை ஆட்டோகெயின் பொறுப்பாக இறக்கி வைத்தது. இப்போது வசனமும் குண்டும் சமம். இரண்டும் சமமாகவே கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஓடினாத்தான் சராசரி பிடிபடும், அத்தை" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வரும்போது வசனம் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா அத்தை, இப்பதான் ஆட்டோகெயின் செட்டில் ஆகுது!"

"ஆமாம் மாப்பிள்ளை, தெளிவா கேக்குது" என்ற மாமியார், ரிமோட்டை மெல்லத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.