பின்சீற்றுக்குக் கீழை அழுறது ஆர்?

மருமோன், காரிலை புதுச் சத்தம் ஒண்டு கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிறது நல்ல வைத்தியம்தான். செலவில்லை, ஒரு கராஜ் பாஸிட்டையும் கெஞ்சத் தேவையில்லை. ஆனால் உன்ரை சன்னிக்குப் பின்னாலை கேக்கிற அந்த "ஊஊங்" ரேடியோவையும் மேவி வருகுதெண்டு கொம்மா சொன்னா. முன்னுக்கு எலுமிச்சங்காய் கட்டியும் பாத்தியாம். கொட்டாஞ்சேனைச் சந்தியிலை நிக்கிற உன்ரை கூட்டாளிமார் ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லிப்போட்டினமாம். ஒருத்தர் பெயாறிங் எண்டாராம், ஒருத்தர் சைலன்சர் எண்டாராம், மூண்டாமவர் பின் டிஃபறன்சல் எண்டு சத்தியம் பண்ணினாராம். சன்னி முன்சில்லு இழுக்கிற கார். பின்னாலை டிஃபறன்சல் எங்கை இருக்கெண்டு அந்தப் பெரியவரையே கொஞ்சம் காட்டச் சொல்லியிருக்கலாம்.

உன்ரை பதட்டம் எனக்கு விளங்காமல் இல்லை. 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். திரும்பத் தனியார் காருக்கு வழி விட்டது 2025 மாசியிலைதான். அந்த இடைக்குள்ளை உன்ரை சன்னிக்கு வயசும் ஏறிச்சுது, விலையும் ஏறிச்சுது. எனக்கு வயசு மட்டும்தான் ஏறினது.

சரி, கொம்மான் சொல்லுறதைக் கேள். முதல்லை சத்தத்தைக் கேக்கப் பழகு. மரைன் டிரைவிலை ஓடிப் பாத்தனெண்டு சொன்னாய். அங்காலை கடல், இஞ்சாலை பஸ், நடுவிலை பாணந்துறைக்குப் போற ரெயில். அதுக்குள்ளை ஒரு முனகலைக் கேட்டியெண்டால் நீ கார் வைச்சிருக்க வேண்டிய ஆள் இல்லை, கச்சேரி வைக்க வேண்டிய ஆள். எங்கடை வெள்ளவத்தை பிளற்றுக்குக் கீழை இருக்கிற கார் விடுற இடத்துக்கு இரவு வா. வோச்சர் குறட்டை விடத் துவங்க முதல் வா, அதுவும் பெரிய சத்தம்.

காரை நிப்பாட்டிப்போட்டு, ஸ்ராட் பண்ணாமல், திறப்பை 'ஓன்' வரைக்கும் மட்டும் திருப்பு. பின்சீற்றுக்குக் கீழையிருந்து மெல்லிசாய் ஒரு "ம்ம்ம்" ரண்டு செக்கன் கேட்டு அடங்கும். அது பெற்றோல் பம். குழாய்க்குள்ளை அமுக்கம் ஏத்திப்போட்டு எஞ்சின் சுத்துமட்டும் காத்திருக்குது. அந்த முனகல் நோயில்லை, உந்த ஈ.எப்.ஐ கார் எல்லாத்துக்கும் உள்ள சுபாவம். அது கேக்காமல் விட்டால்தான் நீ பயப்பட வேணும். அது "ம்ம்ம்"மை விட்டுட்டு கூரான "ஈஈஈ"க்கு ஏறினாலோ, ஸ்ராட் பண்ணினாப் பிறகு ஏ.சி. சத்தத்தைத் தாண்டி உன்ரை காதுக்குத் தனியாய் வந்தாலோ அங்கைதான் விசாரணை.

இனி ஸ்ராட் பண்ணி, நிண்ட இடத்திலையே அக்சிலேற்றரை மிதி. மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடிக் குறைஞ்சால் அது முன்னுக்கு பெல்ற்றிலையோ ஆல்ற்றனேற்றரிலையோ இருக்குது. ஸ்ரியறிங்கை முழுக்க ஒடிக்கேக்கை உறுமினால் பவர் ஸ்ரியறிங். ஓடேக்கை சில்லின்ரை வேகத்தோடை ஏறி இறங்கினால் உன்ரை கூட்டாளி சொன்ன பெயாறிங்தான். அந்தாளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடு. இதொண்டுக்கும் அசையாமல், நிண்டாலும் ஓடினாலும் ஒரே சுருதியிலை பின்னாலை இழுத்தால் குற்றவாளி பம்தான்.

ஆனால் குற்றம் பம்பிலைதானோ, மருமோன்? இஞ்சைதான் கொம்மானுக்குக் கொஞ்சம் சந்தேகம். உன்ரை காரிலை ஏறினால் எனக்கு எப்பவும் பெற்றோல் குறைஞ்சதைக் காட்டுற அந்த மஞ்சள் லைற்றுத்தான் முகம் காட்டுது. பெற்றோல் செட்டுக்குப் போய், "ஆயிரம் ரூபாய்க்கு" எண்டு சொல்லேக்கை உன்ரை குரலிலை இருக்கிற பெருமை எனக்குத் தெரியும்.

2022இலை வந்த பழக்கம் அது. ஆனியின்ரை கடைசியிலை அத்தியாவசியச் சேவைக்குத் தவிர மற்ற ஒருத்தருக்கும் எண்ணெய் இல்லையெண்டாங்கள். ஆடியிலை கியூ.ஆர். வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்ப எல்லாரும் அடித்தாங்கியைத் துடைச்சுத்தான் ஓடினாங்கள், வேறை வழியில்லை. அந்த வருசத்துப் பெற்றோல் கியூ போய்க் கனகாலம். உன்ரை பயம் மட்டும் போகேல்லை.

அந்தப் பயத்துக்கும் பம்பின்ரை கத்தலுக்கும் தொடர்பு இருக்குது: பம் தாங்கிக்குள்ளை, பெற்றோலுக்குள்ளைதான் குடியிருக்குது. சூடு ஆறுறதும், வழுக்கிக்கொண்டு சுத்துறதும் அதைச் சுத்தி நிக்கிற பெற்றோலாலைதான். தாங்கியிலை அடி மட்டும் இருந்தால் வளைவிலையும் பிறேக்கிலையும் பெற்றோல் ஒருபக்கம் ஒதுங்க, பம் காத்தைக் குடிக்கும், கொதிக்கும், கத்தும். எங்கடை வெங்காயத் தோட்டத்திலை சித்திரை வெயிலுக்குக் கிணத்துத் தண்ணி இறங்க வாட்டர் பம் எப்பிடிக் கதறும்? நீ சின்னனிலை வந்து காதைப் பொத்தினனி. அதே கதறல்தான். அப்ப நாங்கள் புதுப் பம் வாங்க ஓடேல்லை, குழாயைத்தான் இறக்கினனாங்கள்.

ஆனபடியால் முதல் வைத்தியம்: தாங்கியை நிரப்பு. ஒருக்கா. வாயைத் திறந்து "ஃபுல்" எண்டு சொல்லு, நாக்கு சுளுக்காது. நிரப்பினாப் பிறகு சத்தம் பாதியாய்க் குறைஞ்சால் உன்ரை கஞ்சத்தனம்தான் கத்தினது. கால்வாசிக்குக் கீழை இறங்க விடாதை. நிரப்பியும் அதே கத்தல் எண்டால், கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு பெற்றோல் மூடியைத் திற. "புஸ்" எண்டு காத்தை உள்ளுக்கு இழுத்து, அதோடை சத்தமும் அடங்கினால் தாங்கிக்குக் காத்துப் போற வழி அடைச்சுப் போச்சு. அது சில்லறை வேலை. அதுவும் இல்லையோ, பில்ற்றரைப் பார். தாங்கியின்ரை அடியிலை இத்தனை வருசத்து மண்டியை நீ பம்புக்கு ஊட்டினபடியால் பம்பின்ரை வாயிலை இருக்கிற வலையும் கறுத்துத்தான் இருக்கும்.

பிறகு வயர். கடல்காத்து இரும்பைத் தின்னிற ஊரிலை இருக்கிறம். பம்பின்ரை எர்த் வயர் பச்சை பிடிச்சிருந்தால், பற்றறியிலை 12.6 வோல்ற் இருந்தும் பம்புக்குப் பதினொண்டு கூடப் போய்ச் சேராது. அது இழுபட்டு முனகும். ஒரு மீற்றரும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.

கடைசியிலைதான் கேஜ். பாஸிட்டைச் சொல்லி அமுக்கத்தை அளந்து பார். உன்ரை சன்னிக்குச் சொல்லியிருக்கிற அளவிலை நிக்க வேணும். கேஜ் இல்லையெண்டு சொல்லி, காதாலையே பம் மாத்தச் சொல்லுற பாஸைக் கும்பிட்டுப்போட்டு வா. கண்டிக்குப் போகேக்கை கடுகண்ணாவை ஏத்தத்திலை கார் இழுவையில்லாமல் விக்கினதும், மத்தியான வெக்கைக்கு நிண்டுபோய் ஆறினாப் பிறகு திரும்ப ஸ்ராட் ஆனதும் உண்மையெண்டால், அதையும் பாஸிட்டைச் சொல்லு. பம்பே தேஞ்சுபோன அடையாளம் அதுகள்தான்.

"உங்கடை காலத்திலை இப்பிடியே?" எண்டு கேப்பாய். மொறிஸ் மைனரிலை பம் பொனற்றுக்குள்ளை, கையெட்டுற தூரத்திலை இருந்தது. திறப்பைப் போட "டிக் டிக்" எண்டும், காபறேற்றர் நிரம்ப அடங்கும். அடங்காமல் ஓயாமல் அடிச்சால் பெற்றோல் இல்லை அல்லது எங்கையோ காத்து இழுக்குது. அடிக்கவே இல்லையெண்டால் பொயின்ற் ஒட்டிப்போச்சு, ஸ்பானர் பிடியாலை ஒரு தட்டுத் தட்ட எழும்பும். தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் விடாத காலத்திலை, சூப்பிப் போத்தலிலை இருந்து சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் எடுத்துப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடினதுகள் அந்தப் பழசுகள். நீ இதைக் கேட்டுப்போட்டு சன்னிக்கு மண்ணெண்ணெய் கலந்து காசு மிச்சம் பிடிக்க நினைச்சாலும் நினைப்பாய். செய்யாதை. உன்ரை பம்பையும் தட்டிப் பாக்கேலாது, பின்சீற்றைக் கழட்டவே உனக்கு அரைநாள் வேணும்.

பம்தான் மாத்த வேணுமெண்டு கேஜ் சொன்னால் பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடைக்குப் போ, ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. உன்ரை முகத்தைக் கண்ட உடனை கடைக்காரர் விலையைக் கூட்டிப்போடுவார். பெட்டியிலை எழுதியிருக்கிறதைப் படிச்சு மயங்காதை. பெட்டி அச்சடிக்கிறது சுகம். ஆரோ கழட்டின றீகண்டிஷன் பம் மலிவுதான், அது எந்த யப்பான்காரனின்ரை மஞ்சள் லைற்றிலை வளந்ததோ ஆர் கண்டது? பம்போடை வலையும் மேல் மூடியின்ரை றப்பர் வளையமும் புதுசாய் வாங்கு. பழைய வளையத்தைத் திரும்பப் போட்டால் பிறகு காருக்குள்ளை பெற்றோல் மணக்கும், அதுக்கும் நீ எலுமிச்சங்காய்தான் கட்டுவாய்.

கழட்ட முதல் பம்பின்ரை பியூசைப் பிடுங்கி, எஞ்சின் தானாய் நிக்குமட்டும் ஓட விடு, அமுக்கம் இறங்கும். பிறகு பற்றறியின்ரை நெகற்றிவ் வயரைக் கழட்டு. உன்ரை சிகரட்டுக் கூட்டாளிமாரை அண்டைக்குச் சந்தியிலையே நிக்கச் சொல்லு.

இதெல்லாம் பிறகு. இப்ப செட்டுக்குப் போய் நிரப்பு. நிரப்பின கையோடை வெள்ளவத்தைக்கு வா, சத்தம் குறைஞ்சிருக்கோ எண்டு ஓடிப் பாக்க வேணும். சும்மா ஓடி என்ன? கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய் வருவம், மாமிக்கும் ஒரு நேத்தி கிடக்குது. அரிச்சனைக் காசு நான் குடுக்கிறன்.