குதிரை இல்லாத வெள்ளைக்குதிரை

வொயிட்ஹார்ஸ், யூகான், கனடா
மார்ச் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில், "அங்க பாக்கதுக்கு என்னலே இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அறுந்ததும் நல்லதுதான். ஓட்டல் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் காசு கொடுத்துத் தங்க வருகிறவர்களுக்குச் சொல்வது வேறு, சொந்தச் சித்தப்பாவுக்குச் சொல்வது வேறு.

வந்து இறங்கியதும் குதிரை எங்கே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். யூகான் ஆறு இங்கே பாறையில் மோதி நுரைத்து ஓடியபோது, அது வெள்ளைக் குதிரைகளின் பிடரிமயிர் போல இருந்ததாம். அதனால்தான் ஊருக்கு வொயிட்ஹார்ஸ், அதாவது வெள்ளைக்குதிரை, என்று பெயர். 1958-இல் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். நுரையும் குதிரையும் ஏரித் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. நம் ஊர் ஐயனார் கோயிலிலாவது மண்குதிரை ஒன்று நிற்கும்.

விமான நிலையத்தை ஒட்டி ஒரு பழைய டிசி-3 விமானத்தைக் கம்பத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். காற்று அடிக்கிற பக்கமெல்லாம் அது மூக்கைத் திருப்பும். உலகத்திலேயே பெரிய காற்றுத் திசைகாட்டி இதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். காற்றடிக்கும் பக்கம் திரும்புகிறவர்களை நம் பஞ்சாயத்துத் தேர்தலில் நீங்கள் நிறையப் பார்த்திருப்பதால் இதைத் தவறவிட்டாலும் பாதகமில்லை.

ஆனால் ஆற்றங்கரையில் நிற்கும் கப்பலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயர் எஸ்.எஸ். கிளாண்டைக். 1937-இல் கட்டியது. பின்பக்கம் பெரிய துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். டாசன் நகரத்துக்கு ஆற்றோடு போக ஒன்றரை நாள், எதிர்த்து வர நாலு நாளுக்கு மேல். ரோடு வந்ததும் 1955-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1966-இல் அதைப் பட்டறையிலிருந்து இப்போதைய இடத்துக்கு ஊர்த்தெரு வழியாகவே இழுத்து வந்திருக்கிறார்கள். அடியில் உருட்டுக் கட்டைகள். கட்டை வழுக்க எட்டு டன் சோப்புத் தூள். மூன்று வாரம் இழுத்தார்களாம். திருச்செந்தூர்த் தேருக்குச் சறுக்குக்கட்டை போட்ட பரம்பரையில் வந்த எனக்கு, சோப்புத் தூள் யோசனை இத்தனை தலைமுறையாக நமக்குத் தோன்றவில்லையே என்று வருத்தமாகிவிட்டது.

தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கார்கிராஸ் என்ற ஊரில் ஒரு பாலைவனம். உலகத்திலேயே சின்னது என்கிறார்கள். பழங்காலப் பனியாற்று ஏரி வற்றி மிஞ்சிய மணல். மொத்தம் இரண்டரைச் சதுர கிலோமீட்டர்தான். நம் குதிரைமொழித் தேரியில் ஒரு மூலைக்குக் காணாது. தேரியில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவனை நிறுத்தி, "மணல் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள், அற்புதமாக இருக்கும்" என்றார்கள். எடுத்துக்கொண்டேன். அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் காட்ட வேண்டாம். ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போய்விட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

நாய் வண்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாட்டு வண்டி ஓட்டினவன்தானே என்ற தைரியத்தில் ஏறினேன். மாட்டை அதட்டினால்தான் நகரும். இந்த நாய்களை நிறுத்துவதுதான் பாடு. பூட்டும்போதே ஊளையிட்டுக் குதிக்கின்றன. வண்டியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டாவிட்டால் ஆளில்லாமலே கிளம்பிவிடும். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னாள்: விழுந்தாலும் கைப்பிடியை விடாதே, விட்டால் நாய்கள் வீடு போய்ச் சேரும், நீ சேரமாட்டாய்.

முதல் வளைவிலேயே விழுந்தேன். கைப்பிடியை விடவில்லை. குப்புறக் கிடந்து, பனியை வாயால் அள்ளிக்கொண்டே போனேன். நிறுத்தச் சொல்லும் சொல் மறந்துபோய், "ஏய், நில்லு, நில்லு" என்று கத்தினேன். ஆறு நாய்களில் ஒன்றுக்கும் தமிழ் தெரியவில்லை. முன்னால் போன அம்மாளின் வண்டியை எட்டியதும் அவையாகவே நின்றன. தலைமை நாய் திரும்பி என்னைப் பார்த்தது. பத்தாவதில் கணக்கில் நான் பெயிலானபோது நீங்கள் பார்த்தீர்களே, அதே பார்வை. இதற்குக் கொடுத்த காசை ரூபாயில் எழுதினால் சித்திக்கு மயக்கம் வரும்.

வெந்நீர் ஊற்று ஒன்று அரை மணி தூரத்தில் இருக்கிறது. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியில் வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்து, நனைந்த தலைமுடியைக் குளிரில் நிமிர்த்தி விறைக்கவிட்டு, போட்டோ எடுப்பார்கள். நல்ல கோரமான கொண்டைக்குப் பரிசும் உண்டு. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் வந்தால் விளாசுகிற குடும்பம் நம்முடையது. உங்கள் தலையின் இன்றைய நிலவரத்தில் உங்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. ஆகவே ஜனவரியில் வர வேண்டாம். கொடைக்கானலிலேயே மங்கி குல்லாவைக் கழற்றாதவர் நீங்கள். ஜனவரியில் இங்கே காரே குளிரில் கிளம்பாது. ராத்திரி முழுக்க எஞ்சினைச் சுடவைக்க கரண்டில் செருகி வைக்கிறோம். ஒவ்வொரு காருக்கும் வாயில் ஒரு ஒயர் தொங்கும்.

ஜூனிலும் வர வேண்டாம். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் சூரியன் மறையும். பிறகும் இருட்டாது. "விளக்கு வச்சாச்சாலே?" என்று அம்மா போனில் கேட்டால் என்ன பதில் சொல்ல? ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டித் தூங்குகிறோம். போதாததற்குக் கொசு. காட்டுப் பாதையில் கரடி வேறு. நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போ, கரடி ஒதுங்கிவிடும் என்கிறார்கள். தனியாகப் போனால் நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போவேன். நீங்களும் சித்தியும் சேர்ந்து நடந்தால் கரடி அலாஸ்காவுக்குப் போய்விடும்.

துருவ ஒளிக்கு வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் மேசையில் அறை எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். வானத்தில் தெரிந்தால் நான் போன் போட்டு எழுப்ப வேண்டும். குலசை தசராவின் சீரியல் லைட் போலப் பளிச்சென்று இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முதலில் வெளுத்த மேகம் போல ஒரு கோடு. பிறகு மொட்டை மாடியில் காயப்போட்ட பச்சைச் சேலையைக் காற்று உதறுவதுபோல ஓர் அசைவு. நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரியனிலிருந்து வந்த துகள்கள் ஆக்சிஜனில் மோதுவதால் அந்தப் பச்சை. அவ்வளவு பெரிய சேலை, ஒரு சத்தமும் இல்லை. நான் சட்டையோடு நின்றிருந்தேன். உள்ளே வந்தபோதுதான் ஒருவரையும் எழுப்பவில்லை என்பது நினைவுக்கு வந்தது. காலையில் வாங்கிய வசவை எழுதவில்லை.

எனவே ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு டிக்கெட் போடுங்கள். ராத்திரி இருட்டும், துருவ ஒளி தெரியலாம். கொசு குறைந்திருக்கும், இலை மஞ்சளாகத் தொடங்கும். அணைப் பக்கம் மீன்கள் ஏற 366 மீட்டர் நீளத்துக்கு மரத்தால் ஏணி கட்டியிருக்கிறார்கள். பெரிங் கடலிலிருந்து 3,000 கிலோமீட்டர், வழியில் ஒரு வாய் சாப்பிடாமல் எதிர்நீச்சலடித்து வரும் சீனூக் சால்மன் அப்போது அதில் ஏறும். பார்க்கலாம், குழம்பு வைக்க முடியாது. மீன் அருகிவிட்டதால் ஏழு வருஷத்துக்கு அதைப் பிடிப்பதில்லை என்று 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

ஒரு சேதி. இங்கே ஒரு குளிர்காலத்தை முழுசாகத் தாண்டியவனுக்கு 'சவர்டோ' என்று பெயர். அதாவது புளித்த மாவு. தங்கம் தேடி வந்தவர்கள் ரொட்டி மாவு உறையாமலிருக்க நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூங்குவார்களாம். நான் தோசை மாவை ஹீட்டர் மேல் வைத்துப் போர்வை சுற்றுகிறேன். போன வாரம் அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர் எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

பிர்ச் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கி, காய்ச்சிப் பாகு விற்கிறார்கள். வாங்கி நக்கிப் பார்த்தேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பக்கத்தில் நிற்காது. வரும்போது இரண்டு கிலோ கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்