கடுகுத் தலையணை

2015 டிசம்பரில் என் பிள்ளை பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் அம்மா கும்பகோணத்திலிருந்து நியூ ஜெர்சி வந்து சேர்ந்தாள். பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் எடுத்தது, பழைய வேட்டித் துணியில் கையால் தைத்த ஒரு சின்னத் தலையணை. உள்ளே கடுகு. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் மணிகள் சரசரவென்று விலகி, கைக்குத் தகுந்த குழி விழும். கையை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருக்கும். "பிள்ளைக்குத் தலை உருண்டையா வரும்டி" என்றாள். இரண்டு படிக் கடுகை வெயிலில் காயவைத்து, கல் பொறுக்கி, புடைத்துத் தைத்திருக்கிறாள்.

அந்தத் தலையணையில் என் பிள்ளை ஒரு நாளும் தலை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்முன் நர்ஸ் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: குழந்தையை மல்லாக்கத்தான் போட வேண்டும், பகலானாலும் இரவானாலும் அப்படித்தான். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-இல் முதன்முதலாகச் சொன்னது. அதுவரை குப்புறப் போடுவதுதான் இங்கே வழக்கம். 1994-இல் நாடு முழுக்கப் பிரசாரமாகவே நடத்தினார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது அதற்கப்புறம் பாதிக்கும் கீழே குறைந்தது. ஒரு மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. குழந்தையைத் திருப்பிப் போட்டதால் கிடைத்த பலன். அந்த ஒரு செய்திக்காகவே நான் கடுகுத் தலையணையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் தேய்க்கும்போது கை தானாகத் தலைக்குப் போய்விடும். ஊரில் எங்கள் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்ற ஊற்ற மண்டையை இரண்டு கையாலும் வளைத்து வளைத்துப் பிடிப்பாள். மூக்கை நீவுவாள், தாடையை இழுத்துவிடுவாள். குளித்து, சாம்பிராணி காட்டியதும் தூளி. விட்டத்தில் புடவையைக் கட்டிப் போட்டால் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி தலையோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். தூளிக்கு வெளியே இருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் இடுப்பில்தான் இருக்கும். நியூ ஜெர்சியின் ஜனவரிக் குளிரில் என் பிள்ளைக்கு வாய்த்ததோ கெட்டியான மெத்தை, கார் இருக்கை, ஆடும் நாற்காலி. மூன்றிலும் தலையின் பின்பக்கம்தான் அழுந்தும்.

நான்காம் மாதப் பரிசோதனையில் டாக்டர் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்து, எழுந்து நின்று, உச்சியிலிருந்து கீழே பார்த்தார். "இங்கிருந்து பாருங்கள்" என்றார். நான்கு மாதமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றுதான் மேலிருந்து பார்த்தேன். வலது பின்மண்டை பலகையில் அழுத்தியதுபோல் சப்பை. வலது காது இடது காதைவிட ஒரு விரற்கடை முன்னால். வலது நெற்றியும் சற்றே முன்தள்ளி நின்றது. யாரோ ஒரு சதுரத்தை மூலையில் பிடித்துச் சாய்த்துவிட்டது போல இருந்தது. என் வயிறு கலங்கியது.

டாக்டர் விரல் நுனியால் மண்டையோட்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அந்த இணைப்புகளில் ஒன்று முன்னதாகவே மூடிக்கொண்டால்தான் ஆபத்து. அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். எங்கேயும் மேடு தட்டவில்லை. பிறகு கழுத்தைத் திருப்பினார். வலப்பக்கம் சுலபமாகப் போனது. இடப்பக்கம் பாதியில் நின்று பிள்ளை வீரிட்டான். கழுத்துத் தசை ஒன்று இறுகியிருக்கிறது, அதனால்தான் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து அதே இடம் அழுந்துகிறது என்றார். நாங்கள் மாதக்கணக்கில் "ஜன்னல் பக்கமே பாக்குறான், வெளிச்சம்னா பிரியம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் அம்மா, "அந்தத் தலையணையைக் குடுத்திருந்தா..." என்று தொடங்கினாள். நான் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதேன். அவளுக்கும் கண் கலங்கியது. அப்போதுதான், முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். நாற்பது நாள் பிள்ளை. இரவு பால் குடித்துத் தூங்கினான், காலையில் எழவில்லை. புரையேறியிருக்கும் என்றார்கள் சிலர், தோஷம் என்றார்கள் சிலர். ஏனென்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. "அவனுக்குத் தலை நல்லா உருண்டையா இருந்துச்சுடி" என்றாள். அதற்குப் பிறகு அவள் தலையணைப் பேச்சை எடுக்கவே இல்லை.

தலைக் கோணலைச் சரிசெய்ய ஹெல்மெட் பொருத்தும் ஒரு நிலையத்துக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே பிள்ளையின் தலையைக் குறுக்காக இரண்டு வாட்டத்திலும் அளந்தார்கள். வித்தியாசம் 13 மில்லிமீட்டர். ஹெல்மெட்டுக்கு வெளியே கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே நுரைப்பஞ்சு. தலையை அது நசுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில், புடைத்த இடத்தை மட்டும் தொட்டு நிற்கும், சப்பையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும். வளரும் தலை அந்த வெற்றிடத்துக்குள் வளர்ந்துகொள்ளும். பிறக்கும்போது 35 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலை ஒரு வயதுக்குள் 46-ஐத் தொட்டுவிடும். அதிலும் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்திலேயே நடந்துவிடும். அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 23 மணி நேரம், மூன்று நான்கு மாதம் போட வேண்டும். எங்களுக்குச் சொன்ன தொகை மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். அழகுக்கான செலவு என்று எங்கள் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிட்டது.

இன்றும் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அங்கிருந்த பெண், "நாளை உங்கள் மகன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று கேட்டார். தூக்கமில்லாமல் நான்கு மாதம் கழித்த ஒரு தாயிடம் அப்படிக் கேட்கக் கூடாது. பயத்தில் போடும் கையெழுத்தை முடிவு என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்து, "எழுந்திரு, வீட்ல போய் யோசிக்கலாம்" என்றாள்.

டாக்டரிடமே திரும்பிப் போனேன். அவர் 2014-இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டினார். 84 குழந்தைகள், பாதிப் பேருக்கு ஹெல்மெட், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் தலை முழுதாகச் சீரானது ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். நான் நிம்மதிப் பெருமூச்சு விடுமுன் அவரே நிறுத்தினார்: "மிகக் கடுமையான கோணல் உள்ள குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை. கழுத்து இறுக்கம் உள்ள குழந்தைகளையும் சேர்க்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது. முதலில் கழுத்தைச் சரிசெய்வோம். இரண்டு மாதம் கழித்து அளந்து பார்ப்போம்." தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்ன அந்த மனிதரை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை.

அந்த இரண்டு மாதம் வீடே கழுத்துக்காக இயங்கியது. வாரம் ஒருநாள் ஃபிசியோதெரபி. தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றினோம்; ஜன்னலைப் பார்க்க வேண்டுமானால் இனி இடப்பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். விழித்திருக்கும்போது அடிக்கடி குப்புறப் போட்டோம். அம்மா தரையில் அவனுக்கு நேராகத் தானும் குப்புறப் படுத்து, கிலுகிலுப்பையை இடப்பக்கமாக மெல்ல நகர்த்துவாள். மூட்டுவலிக்காரி, எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகும். மல்லாக்கத் தூங்கட்டும், முழித்தால் மல்லாக்கவே கிடத்தி வைக்காதே, தூக்கு, இடுப்பில் வை என்றாள். எங்கள் பாட்டி வீட்டு இடுப்புகள் செய்த வேலையை இங்கே நாங்கள் இருவரும் முறைபோட்டுச் செய்தோம். மே மாதம் அவள் ஊருக்குக் கிளம்பும்போது பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பினான்.

ஜூன் கடைசியில் அளந்தபோது 8 மில்லிமீட்டர். ஹெல்மெட் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அன்று காத்திருக்கும் அறையில் இன்னொரு தாயைப் பார்த்தேன். அவள் பிள்ளைக்குப் பின்மண்டை முழுவதும் சப்பை. ஹெல்மெட் போட்டு இரண்டே மாதத்தில் உருண்டு வந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் வியர்த்த தலையைத் துடைத்து, சிவந்த இடத்தை ஊதி ஊதி முத்தமிடுவாளாம். அவள் எடுத்த முடிவு அவள் பிள்ளைக்குச் சரி.

போன மாதம் பையனுக்கு முதல் மூக்குக்கண்ணாடி. பத்து வயது, அடர்ந்த முடி. தலையைப் பார்த்து ஒருவரும் எதுவும் சொன்னதில்லை. கண்ணாடி மட்டும் ஒரு பக்கம் தூக்கி நின்றது. கடைக்காரர் காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாட்டி, கட்டைவிரலால் லேசாக வளைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். நேராக உட்கார்ந்தது. "ஏம்மா எனக்கு மட்டும் வளைக்கிறாங்க?" என்று கேட்டான். காரில் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் பின்மண்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு கையை நீட்டி என் கொண்டைக்குக் கீழே தடவினான்.

"அம்மா, உனக்கும் இருக்கே. இந்தப் பக்கம்."

என் விரலை அங்கே வைத்தேன். இடது காதுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குச் சப்பை. நாற்பது வருடத் தலைவாரலில் ஒருநாளும் கைக்குப் படவில்லை. ஊருக்குப் போன் போட்டேன்.

"ஆமாடி" என்றாள் அம்மா. "கடுகுத் தலையணையிலதான் போட்டேன். பாட்டியும் தினம் உருட்டிவிட்டாங்க. நீ ஒரு பக்கமே சாஞ்சுக்குவ. அப்புறம் பின்னல் போட்டேன், மறந்தே போச்சு. அவன் கண்ணாடி போட்டுக்கிட்டு எப்படி இருக்கான்? ஒரு போட்டோ அனுப்பு."