நெற்களஞ்சியமும் நெய்க் கிணறும்

கேள்வி: சோற்றைத் துறந்து கொழுப்பைக் கைக்கொள்ளும் ‘பேலியோ’வை ஆரம்பிக்க உத்தேசம். எப்படித் தொடங்குவது?
(ஒரு வாசகர், செஞ்சி)

பதில்: தங்கள் ஊர்க் கிருஷ்ணகிரி மலைமீது தானியத்துக்குக் களஞ்சியமும், எண்ணெய்க்கும் நெய்க்கும் கிணறுகளும் கட்டிவைத்த முன்னோர், இரண்டில் ஒன்றைப் பகிஷ்கரித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆயினும், லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பேன்டிங் என்பவரே, ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தம் ஸ்தூல தேகம் இளைத்த விருத்தாந்தத்தை 1863-இல் பிரசுரித்து, சொந்தத் தொழிலுக்கே துரோகம் செய்திருக்கும்போது, தங்களைத் தடுக்க நான் யார்? முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு சோற்றைக் குறைத்து முட்டை, மீன், கீரை, நெய் என்று ஏறுங்கள். ஆரம்பத் தலைவலிக்கு உப்பிட்ட மோர் சிலாக்கியம். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவராயின், வைத்தியரைக் கேளாமல் முதற்படியிலும் கால் வைக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சோற்றை விடாமல் நெய்யை மட்டும் கூட்டுவது பேலியோ அன்று, வெண்பொங்கல்.